மூன்று எழுத்துச் சவர்க்காரம்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் அபூதாஹிரின் ஸ்டோர் இருந்தது. ஸ்டோர் என்னவோ கொழும்புக் கம்பனியுடையதுதான். ஆனால் கடைத்தெருவில் யாரும் கம்பனியின் பெயரைச் சொன்னதில்லை, அபூதாஹிரே மறந்திருந்தார். சவர்க்காரம், டின்பால், பிஸ்கட், தீப்பெட்டி, டோர்ச் பற்றரி எல்லாம் ரயிலில் வந்து அவர் கையில் இறங்கும். ஒரு கிழமைக்குள் மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் சம்பூருக்கும் போய்விடும். பிஸ்கட் பெட்டி சுவரை ஒட்டி இருக்கக் கூடாது, எலி வரும். தீப்பெட்டி நிலத்தில் இருக்கக் கூடாது, ஈரம் ஏறும். முதலில் வந்த டின்பால்தான் முதலில் போகவேண்டும். இதில் யாராவது பிழை விட்டால் அபூதாஹிர் அன்று முழுக்க அந்த ஆளோடு கதைக்க மாட்டார்.

சவர்க்காரத்துக்கு மட்டும் வேறு சட்டம். வந்த சரக்கு பதினைந்து நாளில் வெளியே போகவேண்டும் என்பது கம்பனியின் கட்டளை. அபூதாஹிரோ பெட்டியை உடைத்து, நீளக் கட்டிகளை யன்னலோரப் பலகையில் குறுக்கும் நெடுக்குமாக, ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்கி, பக்கத்தில் சோக்கட்டியால் திகதி எழுதுவார். ஏழு கிழமை, அதாவது ஒன்றரை மாதத்துக்கு மேல், காற்று வாங்கிய பிறகுதான் அவை திரும்பப் பெட்டிக்குள் போகும். காரணம் எளிது. பச்சைச் சவர்க்காரம் கிணற்றடியில் இரண்டாவது சாரத்தைத் தோய்த்து முடிக்கும் முன்பே கரைந்துபோகும். காய்ந்தது ஒரு வீட்டு உடுப்பு முழுவதற்கும் தாக்குப்பிடிக்கும். மூதூர்க் கடைக்காரர்கள் கட்டியில் பெருவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். பள்ளம் விழுந்தால் சரக்கு வந்த லோஞ்சுப் படகிலேயே திரும்பிவிடும். வேலைக்கு வந்த புதிதில் இரண்டு தடவை அப்படித் திரும்பி வந்ததில் அபூதாஹிர் கற்ற பாடம் இது.

கம்பனிக்கு இதெல்லாம் தெரியாது. திருகோணமலையில் மட்டும் சவர்க்காரம் ஏன் இப்படித் தேங்கிக் கிடக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். கடைசியில், அறுபத்து நாலாம் ஆண்டு ஆடி மாதம், கச்சான் காற்று முகத்தில் அனலாக அடிக்கிற நாளொன்றில், யோகலிங்கம் என்ற இன்ஸ்பெக்டரை அனுப்பினார்கள்.

யோகலிங்கம் முப்பது வயதுக்காரர். வெள்ளைக் காற்சட்டை, பையில் மடக்கு அளவுகோல், முகத்தில் சிரிப்பில்லை. முன்பு வந்த இன்ஸ்பெக்டர்கள் கட்டிகளை எண்ணுவார்கள், அபூதாஹிர் வீட்டுப் புரியாணியைச் சாப்பிடுவார்கள், ரயில் ஏறுவார்கள். இவரும் எண்ணினார். நாற்பது பெட்டி, பெட்டிக்கு இருபது கட்டி, ஒன்றும் குறையவில்லை. பிறகு பக்கத்து வெங்காயக் கடையில் தராசை இரவல் கேட்டார். அபூதாஹிருக்கு அதில் ஒரு பயமும் இல்லை. தானே போய் உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்.

ஐம்பத்தாறு இறாத்தல் நிற்க வேண்டிய பெட்டி ஐம்பத்தொன்று நின்றது. அடுத்ததும் ஐம்பத்தொன்று. நாற்பதையும் நிறுத்து முடிக்கையில் மத்தியானமாகிவிட்டது. மொத்தம் இருநூறு இறாத்தல் குறைவு.

"இதுக்கு என்ன சொல்லுறீர்?" என்றார் யோகலிங்கம்.

"அது காஞ்சது, ஐயா."

"சவுக்காரம் என்ன கருவாடோ? இருநூறு இறாத்தல் காத்தில பறந்திட்டுது எண்டு நான் கொழும்பில போய்ச் சொன்னா, ஒருத்தரும் என்னோட நிண்டு கதைக்கமாட்டினம். கம்பியால ஒவ்வொரு கட்டியிலும் மெல்லிசாச் சீவி எடுத்திருக்கிறீர். எண்ணிக்கை சரி, நிறை பிழை. நல்ல மூளை."

காய்ந்தால் இறுகும் என்று அபூதாஹிருக்குத் தெரியும். இளைக்கும் என்று பதினொரு வருடத்தில் ஒருநாளும் அவர் யோசித்ததில்லை. கடைக்காரர்கள் கட்டிக் கணக்கில் வாங்கினார்கள், அவரும் கட்டிக் கணக்கில் கொடுத்தார், தராசுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. வேலை போனாலும் போகட்டும், இரண்டு கை இருக்கிறது. ஆனால் கடைத்தெருவிலிருந்து இறங்குதுறை வரைக்கும் சலாம் வாங்கி நடந்த மனிதரை நாளைக்குச் சவர்க்காரக் கள்ளன் என்பார்கள். அதை நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. யோகலிங்கம் பார்க்கக் கூடாதென்று திரும்பி நின்று பிஸ்கட் பெட்டிகளைச் சரிசெய்தார்.

யோகலிங்கத்தையும் சும்மா சொல்லக் கூடாது. இந்தத் தடவை முறைப்படி விசாரிக்காமல் பழி எழுத அவருக்கு மனமில்லை. சரக்குப் போகும் கடையொன்றில் நேரே கேட்கவேண்டும் என்றார். டெலிவரிப் புத்தகத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தார். விரல் மூதூர் ஸாலிஹாவின் கடையில் விழுந்தது. அன்று காலை ரயிலில் வந்த புதுக் கட்டி ஒன்றையும் காய்ந்த கட்டி ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு இருவரும் லோஞ்சில் ஏறினார்கள். நடு விரிகுடாவில் லோஞ்சு ஆடத் தொடங்கியதும் யோகலிங்கத்தின் முகம் வெளிறிவிட்டது. அப்போதும் சாட்சிப் பையை மட்டும் மடியைவிட்டு இறக்கவில்லை.

ஸாலிஹா புருஷன் மௌத்தான பிறகு கடையைத் தனியே நடத்துகிறவள். நாக்கில் உப்பும் புளியும் கொஞ்சம் கூட. யோகலிங்கம் இரண்டு கட்டிகளையும் எடுத்து வைத்ததும் அவளுடைய பெருவிரல் தானாகவே புதுக் கட்டியில் போய் அழுந்தியது.

"இதென்ன காக்கா, பச்சச் சவுக்காரத்தக் கொண்டு வந்திருக்கிறீங்க? உங்களுக்கு மண்டை காஞ்சு போச்சா?" என்று அபூதாஹிரைக் கேட்டாள்.

"ஐயா கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, தங்கச்சி," என்றார் அபூதாஹிர்.

யோகலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கையில் ஒரு பெண் வந்து, "மூணு எழுத்துச் சவுக்காரம் தாங்க," என்றாள். ஸாலிஹா தன் தட்டிலிருந்த கட்டியை எடுத்தாள். கட்டியின் நீளத்துக்கும் கம்பனியின் பெயர் எட்டு இங்கிலீசு எழுத்தில் பதிந்திருந்தது. மூன்றாம் எழுத்துக்கும் நாலாம் எழுத்துக்கும் நடுவே கம்பியை வைத்து இழுத்து, துண்டைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தாள். யோகலிங்கம் வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்துக் கணக்கிலயோ விக்கிறனீங்கள்?"

"ஓம். முழுக் கட்டி வாங்கிறதுக்கு எல்லாரிட்டயும் காசிருக்கா? ஒரு ஆளுக்கு ஒரு எழுத்து, பெரிய வீடெண்டா மூணு எழுத்து. கம்பனி பேர் வச்சது எங்களுக்கு அளக்கத்தான் எண்டு நினைச்சிருந்தன்."

"சரி. இந்தப் பழைய கட்டியைப் பாத்துச் சொல்லுங்கோ. ஆரோ சீவி எடுத்த மாதிரித் தெரியேல்லையோ?"

ஸாலிஹா கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சீவினா சீவின இடம் வழவழப்பா இருக்கும். இது காஞ்சது. எழுத்தப் பாத்தாத் தெரியாதா? பச்சையில எழுத்து அகலமா இருக்கும், காயக் காய ஒடுங்கும். ஒடுங்கின எழுத்தத்தான் இஞ்ச சனம் கேட்டு வாங்கும்."

யோகலிங்கம் மடக்கு அளவுகோலை விரித்தார். புதுக் கட்டியில் முதல் எழுத்திலிருந்து எட்டாம் எழுத்து வரை பன்னிரண்டு அங்குலம் இருந்தது. பழையதில் பதினொன்றரை. ஸாலிஹாவின் தட்டிலிருந்த இன்னொரு முழுக் கட்டியையும் கேட்டு வாங்கி அளந்தார், அதிலும் பதினொன்றரை. எந்தக் கள்ளனும் கட்டியைச் சீவலாம். எட்டு எழுத்தையும் ஒன்று விடாமல் சுருக்கி வைக்க எந்தக் கள்ளனாலும் ஏலாது.

"அபூதாஹிர், பிழை என்னில. மன்னிச்சுக் கொள்ளுங்கோ," என்றார்.

மத்தியானம் 'நீர்' என்று சொன்ன வாய் அது. அபூதாஹிருக்கு நெஞ்சிலிருந்த பாறாங்கல் இறங்கினாற்போல் இருந்தது. ஸாலிஹா கொடுத்த பிளேன்டீயை இரண்டு மடக்கில் குடித்தார். திரும்பும் லோஞ்சில் என்னென்ன சொல்லவேண்டும் என்று மனதுக்குள் அடுக்கத் தொடங்கினார். கம்பனிச் சட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை, கருவாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை, முன்பு வந்த இன்ஸ்பெக்டர்களின் புரியாணியைப் பற்றியும் ஒன்று.

ஆனால் லோஞ்சில் யோகலிங்கத்தின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை. கடல் அடங்கியிருந்தது, அவருடைய முகம்தான் போகும்போது இருந்ததைவிட மோசமாக இருந்தது.

"மட்டக்களப்பு ஸ்டோரில பாக்கியரத்தினம் எண்டு ஒருத்தர் இருந்தவர்," என்றார் யோகலிங்கம். "போன வருசம் அங்கை போய் நிறுத்துப் பாத்தனான். நூற்று நாப்பது இறாத்தல் குறைஞ்சுது. அவரும் காய்ஞ்சது எண்டுதான் சொன்னவர். நான் சிரிச்சனான். நான் எழுதின றிப்போட்டிலதான் அவரின்ர வேலை போனது."

அபூதாஹிர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தெரியாத அந்த மனிதரும் யன்னலோரம் பலகை போட்டிருப்பார், சோக்கட்டியால் திகதி எழுதியிருப்பார். அவருடைய டெலிவரிப் புத்தகத்தில் விரல் வைத்துப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. தான் தப்பியதை நினைத்து இவ்வளவு நேரமும் குதூகலித்தது அபூதாஹிருக்கு வெட்கமாக இருந்தது.

"இப்ப என்ன செய்றாராம்?"

"தெரியாது. அந்தப் பேரோட ஒருத்தரும் வேலை குடுக்கேல்லை எண்டு கேள்விப்பட்டனான்."

லோஞ்சு துறையில் முட்டியது. இறங்கியதும் அபூதாஹிர் ஸ்டோர்ப் பக்கம் திரும்பாமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தார். யோகலிங்கம் பையோடு பின்னால் போனார்.

"பின்னேர ரயிலில கொழும்புக்குப் போகாதீங்க. கல்லோயாச் சந்தியில இறங்கி மட்டக்களப்பு ரயில் ஏறுங்க. ரெண்டு கட்டியையும் கொண்டுபோங்க, அளவுகோலையும் மறக்காதீங்க. அவருக்கு முன்னால அளந்து காட்டிப்போட்டுப் பிறகு கம்பனிக்கு எழுதுங்க," என்றார் அபூதாஹிர்.

யோகலிங்கம் டிக்கட் யன்னலுக்கு முன்னால் நின்றுவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலப் பையைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்.

"நீங்களும் வாங்கோ, அபூதாஹிர். நீங்கள் சொன்னா அவர் கேப்பார். நான் தனியப் போனா வாசலில வச்சே ஏசுவார்."

அபூதாஹிருக்கு அந்த மனிதர்மேல் பாவமாகத்தான் இருந்தது. போனால் ஒருநாள்தான், ஸ்டோர் ஒன்றும் ஓடிவிடாது.

"வரமாட்டன், ஐயா. நான் பக்கத்தில நிண்டா அவர் என்ட முகத்துக்காக ஏசாம விட்டுடுவார். ஏசட்டும். ஒரு வருசமா அத வச்சுக்கொண்டு இருக்கிறார், நீங்க தனிய நிண்டு கேளுங்க."

யோகலிங்கம் யன்னலுக்குள் காசை நீட்டி, மட்டக்களப்புக்கு ஒரு டிக்கட் கேட்டார்.