துருவின் மேல் ஒட்டிய ஷீட்

காருக்குள் சத்தம் வருகிறது என்று வந்து நிற்பவர்களை எனக்குப் பிடிக்காது. இருபத்திரண்டு வருடமாக அவர்களால்தான் சோறு தின்கிறேன், ஆனாலும் பிடிக்காது. வெளியே முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போட்டிருப்பார்கள். உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கினால் எனக்குக் குமட்டும். குழந்தை கக்கிய பால், காய்ந்துபோன பிரியாணி, கொத்தாகத் தலைமுடி, செத்த பல்லி. இதன் மேல் காலை வைத்துக்கொண்டுதான் வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறார்கள்.

நெல்லித்தோப்பில் என் கடை. அன்வருதீன் பாய் கடை என்றால் தெரியும். காரில் சத்தம் வருவது பெரும்பாலும் தகரம் நடுங்குவதால். சீட்டு, கார்ப்பெட், கதவின் உள்பலகை எல்லாவற்றையும் கழற்றி, தகரத்தைத் தின்னர் போட்டுத் துடைத்து, ரப்பர் போல ஒட்டுகிற கனமான டேம்பிங் ஷீட்டை வைத்து ரோலரால் அழுத்தி ஒட்டுவேன். தகரம் வாயை மூடிக்கொள்ளும். இதில் நான் விடாமல் பிடித்திருந்த விதி ஒன்றுதான்: துருவின் மேல் ஒட்டக் கூடாது. துருவைச் சுரண்டி, ஓட்டை இருந்தால் வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடித்து, அதற்குப் பிறகுதான் ஷீட்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை முடிந்ததும் வண்டிக்காரரை உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்றி, ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு ரயில்வே கேட் வரை ஒரு சுற்று சுற்றுவேன். அதுவரை யாரும் பேசக் கூடாது. திரும்பி வந்து நான் 'ம்' என்று சொன்னால்தான் வண்டி வெளியே போகும். அந்த 'ம்' வராமல் இரண்டு நாள் வண்டியை நிறுத்தி வைத்ததும் உண்டு. பாய் 'ம்' சொல்லிவிட்டாரா என்று பழைய கார் வாங்குகிறவர்கள் கேட்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான்.

புருஷோத்தமன் பழைய கார் வாங்கி விற்கிற புரோக்கர். வாய் நிறையப் பாக்கு இருக்கும். பேசுவதற்கு முன்னால் என் கடைச் சுவரில் துப்புவான். நானும் பத்து வருடமாகச் சுவரைக் கழுவிக்கொண்டு சும்மா இருந்தேன், ஏனென்றால் வாரத்துக்கு நாலு வண்டி அவன்தான் அனுப்புவான். போன புதன்கிழமை ஏழு பேர் உட்காரும் பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். தெருமுனையில் திரும்பும்போதே பின்பக்கம் டங்கு டங்கென்று அடித்தது.

"பாய், ஊரையே கூட்டுது. கொஞ்சம் வாய அடைச்சிக் குடுங்க. நாளைக்கி பார்ட்டி வருது, வெள்ளிக்கெழம டெலிவரி."

அவன் போன பிறகு பின் கார்ப்பெட்டைத் தூக்கினேன். யா அல்லாஹ், அந்த நாற்றத்தை என்னவென்று சொல்வது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றி இறக்கிய வண்டி அது. வருடக்கணக்காக மீன் தண்ணீர் இறங்கி, கார்ப்பெட் அடியில் கறுப்புக் குழம்பாகத் தேங்கிக் கிடந்தது. அதில் செதில்கள் மினுங்கின. ஒரு மூலையில் வெள்ளையாகப் புழு நெளிந்தது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு வழித்தேன். கீழே தகரத்தைச் சுரண்டப் போனபோது ஸ்க்ரூடிரைவர் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. நடுச் சீட்டுக்கு முன்னால், கால் வைக்கிற இடம் முழுக்க உப்புத் தின்ற துரு. பின்சக்கரங்களைத் தாங்குகிற ஆக்ஸிலைப் பிடித்திருக்கிற இடத்தில் கட்டை விரலால் அழுத்தினேன். உதிர்ந்தது. டங்கு டங்கென்ற சத்தம் அங்கேயிருந்துதான் வந்தது.

புருஷோத்தமனுக்குப் போன் போட்டு வரவழைத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"அது மேலயே ஒட்டிடுங்க பாய்."

"காலு உள்ள போயிடும்யா. ஆக்ஸில் புடிச்சிருக்கற எடமே மக்கிப் போச்சி. ஓடற வண்டியில பின்சக்கரம் கழண்டா என்னா ஆவும்னு தெரியுமா?"

"வாங்கறவங்க கார்ப்பெட்ட தூக்கியா பாக்கப் போறாங்க? வெல்டிங்னு போனா பத்து நாளு இழுக்கும். பார்ட்டி ஓடிடும்." கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தான். "உங்களால இந்த சத்தத்த நிறுத்த முடியலன்னா சொல்லிடுங்க பாய், பரவால்ல. வில்லியனூர்ல ஒருத்தன் புதுசா கடை போட்டிருக்கான். அவன் எதையும் அமுக்கிடுவானாம்."

அந்த இடத்தில் வண்டியை வெளியே தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. அவன் அனுப்புகிற நாலு வண்டி ஒரு காரணம். ஆனால் அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். என்னால் முடியாத சத்தமா என்ற திமிர்தான் என்னை உட்கார வைத்தது. ஆக்ஸில் இடத்தில் கெட்டி ரப்பரைத் திணித்துப் பசை ஊற்றினேன். ஓட்டைகளின் மேல் அலுமினியத் தகடு வைத்தேன். துருவின் மேலேயே ஷீட்டைப் போட்டு, அதன் மேல் இன்னொரு ஷீட் போட்டு, ரோலரால் தேய்த்தேன். ரோலர் போகப் போக அடியில் துரு நொறுங்குவது கையில் தெரிந்தது. அப்பளத்தை நொறுக்குவது போல இருந்தது. அப்படியும் தேய்த்தேன். புது கார்ப்பெட் விரித்ததும் பார்க்க அழகாக இருந்தது. அந்த அழகை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் பார்ட்டியைக் கூட்டிவந்தான். பார்ட்டி ஒரு பெண், பெயர் அமுதவல்லி. நாற்பது வயது இருக்கும். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. யூனிபாரத்தோடு நேராக வந்திருந்தாள்.

"கம்பெனி பஸ்ஸ நிறுத்திட்டாங்க பாய். எங்க ஊர்லேந்து ஆறு பொம்பளைங்க போறோம். ஆறு பேரும் சேந்து இந்த வண்டிய எடுக்கறோம். நான்தான் ஓட்டப் போறேன், லைசன்ஸ் வாங்கிட்டேன்" என்றாள். லைசன்ஸை எடுத்துக் காட்டவும் செய்தாள். நான் கேட்கவே இல்லை.

வழக்கம்போல ஒரு சுற்று போனோம். நான் ஓட்ட, அவள் பக்கத்தில், புருஷோத்தமன் பின்னால். கண்ணாடி ஏற்றியிருந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அடியில் எதுவோ நறுக்கென்றது. மிகச் சின்னச் சத்தம், என் காதுக்கு மட்டும் கேட்டிருக்கும். அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடை வாசலில் நிறுத்தினேன். "ம்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "போதும் பாய். உங்க வாயிலேந்து இது வரணும்னுதான் எல்லாரும் சொல்லி அனுப்புனாளுங்க. நைட் ஷிப்ட் முடிச்சா இனிமே சத்தமில்லாம தூங்கிக்கிட்டே வருவாளுங்க."

புருஷோத்தமன் கண்ணாடியை இறக்கி வெளியே துப்பினான். அவள் அட்வான்ஸை எண்ணி அவன் கையில் கொடுத்தாள். பசை இறுக வேண்டும் என்று வண்டியை அன்று என் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். காலையில் மணக்குள விநாயகர் கோயிலில் பூசை போட்டுக்கொண்டு எடுத்துப் போவதாக ஏற்பாடு.

வீட்டில் என் மனைவி ஜரினா, "என்னாங்க, மீன் மார்க்கெட்டுக்கா போனீங்க?" என்றாள். மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன். நாற்றம் போகவில்லை. காலையில் இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனால் என் விரலில் அந்தக் கறுப்புக் குழம்பு வாசனை. தட்டைத் தள்ளிவிட்டு ஜரினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அந்தம்மா நம்பர் இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

புருஷோத்தமன் வருவதற்கு முன்னால் அமுதவல்லியைக் கடைக்கு வரச் சொன்னேன். பையில் மாலையும் நாலு எலுமிச்சம்பழமும் கொண்டு வந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். நான் கார்ப்பெட்டைச் சுருட்டினேன். ஷீட்டின் ஓரத்தில் விரலைக் கொடுத்து இழுத்தேன். நல்ல ஷீட், நன்றாக ஒட்டியிருந்தது. தகரத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. அலுமினியத் தகடு தனியாகக் கழன்று விழுந்தது. வண்டியின் அடி வழியாக என் கடையின் சிமெண்ட் தரை தெரிந்தது. நேற்று அடங்கியிருந்த நாற்றம் குப்பென்று மேலே வந்தது.

அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு குனிந்தாள். ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டு வரை போனது. ஆக்ஸில் இடத்தைக் காட்டினேன். ரப்பரைப் பிடுங்கி, அந்த இடத்தை விரலால் ஆட்டிக் காட்டினேன்.

"இத நேத்தே பாத்தீங்களா?"

"புதன்கெழமையே பாத்தேன்ம்மா."

"பாத்துட்டா ஒட்டுனீங்க?"

புருஷோத்தமன் சொன்னதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவன் யாவாரி. அவன நான் நம்பவே இல்ல. உங்களத்தான் நம்புனேன்."

"அதான் கூப்ட்டு காட்டிட்டேனே தங்கச்சி. அட்வான்ஸ நான் நின்னு வாங்கித் தரேன்."

"அத நாங்க வாங்கிக்குவோம். ஆறு பேரு இருக்கோம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நன்றியை எதிர்பார்த்துத்தான் அவளை நான் வரவழைத்திருந்தேன். கடைசி நேரத்தில் காப்பாற்றிய மனுஷன் என்று சொல்வாள் என்று கூட நினைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை, நான் கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு அடியில் கிடப்பதைப் பார்ப்பேனே, அந்தப் பார்வை.

மாலை இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனை எடுத்தாள். ஓட்டையை ஒரு போட்டோ எடுத்தாள். ஆக்ஸில் இடத்தை ஒன்று. பிறகு போனைத் தாழ்த்தி என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் பக்கத்துல வந்து நில்லுங்க. அந்த ஷீட்ட கீழ போடாதீங்க, கையிலயே வச்சிக்கங்க."

"எதுக்கும்மா?"

"எங்க குரூப்புல போடணும். யாரு செஞ்சதுன்னு தெரிய வேணாமா?"

போய் நின்றேன். கையிலிருந்த ஷீட்டிலிருந்து துரு என் கால் மேல் உதிர்ந்துகொண்டிருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"மூஞ்சி தெரியல, நிமிருங்க" என்றாள்.

நிமிர்ந்தேன்.