படகுக்காரியின் இரண்டாவது சிடி

மத்தியான டீ வந்தபோதே நஜ்மாவின் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அட்டைப்பெட்டியின் வாயை மூடி டேப் ஒட்டுகிற வேலை. மற்ற நாளில் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். இன்றைக்குப் பார்த்து டேப் சுருண்டு சுருண்டு விரலிலேயே ஒட்டிக்கொண்டது. "இன்னா நஜ்மா, பொட்டிய ஒட்றியா, ஒன்னையே ஒட்டிக்கினுகிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் லைன் சூப்பர்வைசர் குணசுந்தரி. சிரித்து வைக்கலாம் என்று பார்த்தாள், சிரிப்பு வந்தால்தானே. பொன்னேரி வீட்டில் இந்நேரம் உம்மா வாசலைக் கழுவிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் பழவேற்காட்டிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். பையன் பேர் ஃபயாஸ். கயிறும் வலையும் விற்கிற குடும்பம், நல்ல மனுசர்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார்கள்: கம்பெனிக்குப் போகிற பெண் எங்களுக்குத் தோதுப்படாது, முதலில் அதை நிறுத்துங்கள். வாப்பா அசன் முகைதீன் மறுபேச்சு இல்லாமல் தலையாட்டிவிட்டார். நேற்று சோறு தின்னும்போது, உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்கிற குரலில் சொன்னார்: "நாளையோட கம்பெனி போதும்." அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஃபயாஸுக்கு அவள் சரி என்றே சொல்லியிருக்கலாம், யார் கண்டது. ஆனால் கம்பெனியை விடமாட்டேன் என்று கட்டாயம் சொல்லியிருப்பாள். கேட்காமலே முடித்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் வழியாக வள்ளூர் வரைக்கும் போகிறது கம்பெனி பஸ். ஓட்டுகிறவர் பென்னி. தன் சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன டிவியையும் சிடி பிளேயரையும் சொந்தச் செலவில் வைத்து, சைக்கிள் டியூபைக் கிழித்து இறுகக் கட்டியிருந்தார். ஒரு படத்துக்கு இரண்டு சிடி. காலையில் வரும்போது முதல் சிடி, சாயங்காலம் போகும்போது இரண்டாவது. நடுவில் நாள் முழுக்க வேலை. இப்படி இடைவேளை விடுகிற கொட்டகை உலகத்தில் வேறெங்கும் இருக்காது. புதுப்படம் போடுங்கண்ணா என்று சின்னப் பெண்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். ம்ஹூம். பென்னிக்குப் பிடித்தது பழைய சைனாக்காரச் சண்டைப்படம், அதிலும் பொம்பளை சண்டை போடுகிற படம். "ஆம்பள அடிச்சா எப்டி முடியும்னு தெரியும். பொம்பள அடிக்க சொல்லோதான் எவன் எப்ப வுழுவான்னே தெரியாது, தூக்கம் வராது," என்பார். வண்டி ஓட்டுகிறவர் முதுகால்தான் படம் பார்க்க முடியும். சத்தத்தை வைத்தே விழுந்தவன் யார் என்று சொல்லிவிடுவார்.

அவரிடமிருந்த படங்களில் நஜ்மாவின் உயிர் ஒன்றில்தான். அதன் நிஜப்பெயர் பஸ்ஸில் யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் அது 'படகுக்காரி'. எந்தக் காலத்திலோ எடுத்தது. நிறமெல்லாம் வெளுத்துப் போய், ரத்தம் மட்டும் நெயில் பாலிஷ் மாதிரி பளபளக்கும். ஆற்றில் ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிற ஒருத்தி. அழகி என்று சொல்ல முடியாது, முகமெல்லாம் வேர்வை. பாட்டு இல்லை, மரத்தைச் சுற்ற ஆள் இல்லை. உப்பு வியாபாரம் செய்கிற பண்ணையார் ஒருவன் அவளுடைய துறையைப் பிடுங்கப் பார்க்கிறான். கையிலிருக்கிற துடுப்பாலேயே அடிக்கிறாள். துடுப்பு கைவிட்டுப் போனால் பெஞ்சு, பெஞ்சு போனால் சட்டிமூடி. தமிழில் குரல் கொடுத்த புண்ணியவதி யாரோ, காசிமேட்டுக்காரியாகத்தான் இருக்க வேண்டும். "இன்னாடா மொறைக்கிற? ஏறுனா ஏறு, இல்லாங்காட்டி எறங்கி நட!" என்று அவள் அதட்டும்போது பஸ் மொத்தமும் விசிலடிக்கும்.

நஜ்மாவுக்கு விசில் வராது. அவள் பார்ப்பது வேறு. படகுக்காரி அடிவாங்கி விழுகிறாளே, விழுந்தவள் எழுந்ததும் யார் பார்த்தார்கள் என்று சுற்றிப் பார்ப்பதில்லை. துணியை இழுத்துவிட்டுக்கொள்வதில்லை. மன்னிப்புக் கேட்பதில்லை. நேராக அடுத்தவனைப் பார்க்கிறாள். உடம்பு எங்கே போக நினைக்கிறதோ அங்கே போகிறது. கூரைமேல் என்றால் கூரைமேல். வீட்டிலோ நஜ்மா மாடிக்குத் துணி காயப்போடப் போவதென்றாலும் உம்மா பத்ருன்னிசாவிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். படகுக்காரி ஓடிய நாட்களில் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்குக் கால் தரையில் பாவாது. தெருமுனை வந்ததும் பாவிவிடும்.

ஒரே ஒரு வில்லங்கம். காலையில் பஸ் பொன்னேரிக்கு வரும்போது முதல் சிடி பாதி ஓடியிருக்கும். சாயங்காலம் இரண்டாவது சிடி பாதி ஓடும்போது பொன்னேரி வந்துவிடும். படகுக்காரி படத்தின் தலையும் தெரியாது வாலும் தெரியாது, நஜ்மா பார்த்ததெல்லாம் நடு உடம்பு மட்டும்தான். மிச்சத்தைச் சொன்னவள் ரோசம்மாள். வள்ளூர்க்காரி, ஐம்பதைத் தொடுகிற வயசு, முதலில் ஏறிக் கடைசியில் இறங்குகிறவள். தினமும் ஜன்னலோரத்தில் தன் டிபன் பையை வைத்து நஜ்மாவுக்கு இடம் பிடித்துக்கொண்டு வருவாள். யாராவது பையைத் தொட்டால் போச்சு, அவர்கள் பாட்டன் வரைக்கும் போய்த் திரும்புவாள்.

"அப்புறம் இன்னா ஆச்சுக்கா?" என்று நஜ்மா மறுநாள் காலையில் உட்காருவதற்கு முன்பே கேட்பாள்.

"இன்னா ஆவும்? பண்ணையார அடிச்சி ஆத்துல தள்ளிட்டா. துடுப்பு ஒடைஞ்சி பூட்ச்சி. புச்சா ஒண்ணு செதுக்கிக்கினு, மறுநாள் காத்தால படகாண்ட வந்து நிக்கிறா. ஜனங்க ஏறுது. அவ்ளோதான் படம்."

"கல்யாணம்?"

"அதுக்கு எங்கடி டைம் அவளுக்கு?"

இந்த முடிவை நஜ்மா எத்தனையோ தடவை தனக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அடித்ததைவிட, அடித்துமுடித்து மறுநாள் வேலைக்கு வந்து நின்றாளே, அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

இன்றைக்குக் காலையில் ஓடியது படகுக்காரி; சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் அதன் இரண்டாவது சிடிதான். ரோசம்மாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம்விட்டாள்.

"நாளைலர்ந்து எனக்கு சீட்டு புடிக்காதக்கா," என்றாள் நஜ்மா. விஷயத்தை மென்று முழுங்கிச் சொன்னாள்.

ரோசம்மாள் கேட்டு முடித்து, "நீ இன்னா சொன்ன?" என்றாள்.

"என்ன யாரு கேட்டாங்க?"

"கேக்கலன்னா சொல்லக்கூடாதா?" என்றுவிட்டு, பேஜாரு புடிச்ச ஜனங்க என்று யாரையோ திட்டிக்கொண்டே கண்ணை மூடினாள். கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

பொன்னேரி வந்தது. ஸ்டாப்பில் அண்ணன் ரஷீத், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், டிவிஎஸ் வண்டியோடு நின்றிருந்தான். அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினான். இரண்டு பெண்கள் இறங்கினார்கள். எழுந்திருக்க வேண்டும் என்றுதான் நஜ்மாவும் நினைத்தாள், சத்தியமாக நினைத்தாள். ஆனால் திரையில் பண்ணையாரின் படகு இப்போதுதான் வளைவில் தெரிந்தது, படகுக்காரி துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து எழுந்து நின்றாள். நஜ்மா முன் சீட்டின் கம்பியைப் பிடித்தாள், பிடித்த கை விடவில்லை.

"நஜ்மா, எறங்கல?" பென்னி கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச தூரம் வர்றேண்ணா."

அவர் கியரைப் போட்டார். ரஷீத்தின் உயர்த்திய கை அப்படியே நின்றுபோனதை நஜ்மா பார்த்தாள். அவன் வண்டியை உதைக்க, அது கிளம்பாமல் அடம்பிடிக்க, மறுபடி உதைக்க, எல்லாம் பின்னால் போய்விட்டன. செய்துவிட்டோமே, ஐயோ, செய்துவிட்டோமே. ஆனால் கண் திரையைவிட்டு அசையவில்லை. இதுவரை பார்க்காத ஆறு, பார்க்காத சண்டை. துடுப்பு ஒடிந்தது, ரோசம்மாள் சொன்னது சரிதான். ஒடிந்த பாதியோடு படகுக்காரி ஓடிவந்து, தன் படகின் மூக்கில் ஒரு கால் வைத்து, பண்ணையாரின் படகை நோக்கி எகிறினாள்.

எகிறியவள் இறங்கவில்லை. படம் சதுரம் சதுரமாக உடைந்து, க்ர்ர்க் என்று ஒரு சத்தத்தோடு அப்படியே நின்றுவிட்டது. கீழே தண்ணீர், மேலே அவள். பஸ்ஸில் மிச்சமிருந்த பெண்கள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அது அங்கதாம்மா நிக்கும்," என்றார் பென்னி, திரும்பாமலே. "வாங்குன அன்னிலர்ந்தே கீறல்."

"அப்புறம் இன்னாண்ணா ஆவும்?"

"யாருக்குத் தெரியும்? எவளும் இது வரிக்கும் முழிச்சிக்கினு இருந்ததில்ல, எவளும் கேட்டதில்ல."

நஜ்மா ரோசம்மாளை உலுக்கினாள். அவள் திரையைப் பார்த்தாள், நஜ்மாவைப் பார்த்தாள், வெளியே பார்த்தாள். "அடிப்பாவி, பொன்னேரி பூட்ச்சேடி!"

"அக்கா, முடிவ நீ பாத்தியா?"

ரோசம்மாள் பையின் காதைத் திருகிக்கொண்டே, "இல்ல," என்றாள்.

"அப்ப அந்தப் புதுத் துடுப்பு? மறுநாள் காத்தால வந்து நின்னது?"

"வேற இன்னாடி பண்ணுவா? பண்ணையார அடிச்சிட்டா சோறு வந்துருமா? மறுநாள் வேலைக்கு வந்துதான ஆவணும்." கொட்டாவியை அடக்கினாள். "நானுந்தான் வந்தேன், எங்க ஊட்டுக்காரர் என்ன வுட்டுப் போன மறுநாளு."

நஜ்மாவுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பஸ் மெதுவாகி நின்றது. ரயில்வே கேட் போட்டிருந்தார்கள்.

டிவிஎஸ் சத்தம் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது. ரஷீத்தின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தூங்கிட்டியா? எறங்கு நஜ்மா. பழவேற்காட்டுக்காரங்க வந்து குந்தினுகிறாங்க. உம்மா கையப் பெசைஞ்சிக்கினு நிக்கிது."

"தூங்கல."

"பின்ன?"

"நாளைக்கும் நான் கம்பெனிக்குப் போவேண்ணா. அத அவங்ககிட்ட சொல்றியா? சொல்றேன்னு சொன்னா எறங்குறேன்."

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் கூட்ஸ் வந்துவிட்டது. நிலக்கரி ஏற்றிய பெட்டிகள் முடிவில்லாமல் தடதடத்துப் போயின, இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இவனா எனக்காக வாயைத் திறப்பான், வாப்பா செருமினாலே எழுந்து நிற்கிறவன் என்று நஜ்மா நினைத்தாள். சத்தம் அடங்கியதும் ரஷீத் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நான் சொன்னா வாப்பா செருப்பக் கழட்டுவாரு. சொல்றதுன்னா நீ வந்து சொல்லு." பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "நான் வேணா பக்கத்துல நிக்கிறேன்."

நஜ்மா எழுந்தாள். ரோசம்மாள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள். கீழே இறங்கி வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து, அண்ணனின் தோளைப் பிடித்தாள். சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கில் வரவே மாட்டேன் என்றது. ஸலாம் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதா, ஆரம்பித்துவிட்டு ஸலாம் சொல்வதா?

கேட் உயர்ந்தது. பஸ் முக்கி முனகிக்கொண்டு தண்டவாளத்தின்மேல் ஏறியது. பென்னி டிவியை இன்னும் அணைக்கவில்லை. நின்றுபோன படத்தின் நீல வெளிச்சம் சீட்டுகளின்மேல் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் ரோசம்மாள், நாளைக் காலைக்கு இன்னும் முழுசாக ஒரு ராத்திரி இருக்கும்போதே, மடியிலிருந்த டிபன் பையை எடுத்து ஜன்னலோர சீட்டில் வைத்தாள்.