வீங்கும் குழாய்

இப்போதெல்லாம் எவனும் ஆள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, காகிதத்தைப் பார்த்துத்தான் பேசுகிறான். பைப் வேலைக்காரருக்கு அதுதான் எரிச்சல். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நான்கு நாளாக நிற்கிறார். உள்ளே, கூடவே வேலைக்கு வரும் ஒரே மகன் மூளைக்கு ஏறிய மலேரியாவோடு கண் திறக்காமல் கிடக்கிறான்.

"கிருமி செத்துடுச்சுங்க," என்றாள் டாக்டர், காகிதத்தைப் புரட்டியபடி. "இன்னிக்கு ரத்தத்துல ஒண்ணுகூட இல்ல."

"அப்புறம் ஏன் எந்திரிக்க மாட்டேங்கறான்?"

அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "கிருமி புகுந்த ரத்த அணுவெல்லாம் மூளையில இருக்கிற நூல் மாதிரி குழாய்ங்களோட உள்சுவர்ல ஒட்டிக்கிச்சு. அந்தச் சுவர் கொதிச்சு வீங்கிக் கசியுது. கிருமி போனதும் வீக்கமும் போயிடாது."

"நாப்பது வருஷமா குழாய் மாட்டுறேன். அடைக்கும், துருப்பிடிக்கும், வெடிக்கும். தானா வீங்கி நான் பார்த்ததில்ல."

"இது உசுருள்ள குழாய்ங்க, ஐயா. சீண்டினா அதுவே சண்டைக்கு நிக்கும்."

அவர் தொழிலில் கடைசிக் குழாயைத் திறந்து பார்ப்பதுதான் சோதனை. தண்ணீர் கொட்டினால் வேலை முடிந்தது, சாமானை மூட்டை கட்டலாம். மகனுக்கு முதலில் காய்ச்சல் கண்டபோது மூன்று நாள் மாத்திரை எழுதியிருந்தார்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. மிச்சத்தை வாங்கி ஸ்பானர் பைக்குள் போட்டுவிட்டு, "நல்லாயிட்ட உடம்புக்கு எதுக்குடா மருந்து, ஏணியை எடு," என்றார். ஐந்தாம் நாள் அந்த ஏணியடியில்தான் வலிப்பு வந்து விழுந்தான்.

"மாத்திரை முழுசா முடிச்சார்னுதானே முதல் நாள் சொன்னீங்க?" என்று டாக்டர் கேட்டாள்.

"ஆமா," என்றார்.

பெஞ்சில் இருந்த மருமகள் குரலை உயர்த்தவில்லை. "இல்லைங்க. பாக்கி இருக்குன்னு நான் மாமாகிட்ட சொன்னேன். அவங்கதான், டாக்டருங்களுக்கு வேற வேலை இல்லன்னாங்க."

டாக்டர் ஏதோ அடித்து எழுதினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பார்.

"வீக்கம்னா வடியணும்ல. எப்ப வடியும்?"

"தெரியலைங்க. வடியாமலும் போகலாம்."

"தெரியாதவங்ககிட்டதான் விட்டு வச்சிருக்கேன்," என்று மருமகளிடம் சொன்னார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி நடைகூடத்தில் விறுவிறுவென்று நடந்தார். வீங்குதாம், சண்டைக்கு நிக்குதாம். யாரிடம் கதை விடுகிறார்கள்? படிக்கட்டின் திருப்பத்தில், தன்னையறியாமல் கட்டைவிரலால் இடது மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். தோலுக்கடியில் ஏதோ உந்தியது, தணிந்தது, மறுபடி உந்தியது. கையை உதறிவிட்டுக் கீழே இறங்கினார்.