நெடுஞ்சாலை எழுத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை

கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் வரைபடப் பிரிவிலிருந்து என்னோடு ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் வாக்கிங் போனார்கள். நான் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போனேன். கருங்குழி பக்கம் நெடுஞ்சாலைப் பலகைகளின் கீழே நின்று எழுத்துகளை அளந்தேன். லாரிகள் கிளப்பிய காற்றில் என் வேட்டி பாண்டிச்சேரி வரை பறந்தது. அளந்ததை வைத்துக் கம்ப்யூட்டரில் ஒரு தமிழ் எழுத்துருக் குடும்பமே செய்தேன்: மெல்லியது, நடுத்தரம், தடி. எதிலும் வால் இல்லை, குஞ்சம் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பருமன். பறக்கும் பஸ்ஸிலிருந்து கண்ணை மூடிக்கொண்டே படிக்கலாம்.

2003இல் என் மகள் வசுமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. "பத்திரிகை உங்க எழுத்துலதாம்ப்பா," என்று சொல்லிவிட்டாள். மாதிரியைப் பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து மாப்பிள்ளை பரணிதரனும் அவன் அப்பா தீனதயாளனும் அணுபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

தீனதயாளன் பத்திரிகையைக் கைக்கெட்டிய தூரத்தில் பிடித்தார்.

"இன்னா சம்பந்தி இது? கல்யாணப் பத்திரிகையா, திண்டிவனத்துக்கு வழி காட்ற போர்டா? கொடி கீதா, பூ கீதா? மொட்டையா கீது!"

"படிக்க முடியுதா?" என்றேன்.

"அடுத்த தெருலேர்ந்தே படிக்கலாம், அதான் பேஜாரு! எழுத்த மாத்துங்க. இல்லாங்காட்டி என் பேர எடுத்துடுங்க."

மாப்பிள்ளையின் அப்பா பெயர் இல்லாத பத்திரிகையா? கல்யாணமே நின்றுபோனது என்றல்லவா ஊர் பேசும்! என் மனைவி சாரதாம்பாள் காபி டம்ளரோடு சிலையானாள். மாமல்லபுரத்தில் வைத்திருந்தால் வெள்ளைக்காரர்கள் டிக்கெட் எடுத்துப் பார்த்திருப்பார்கள்.

வசுமதி பேனாவை எடுத்தாள். "சரிங்க மாமா," என்று அவர் பெயரின் மேல் ஒரே கோடாக இழுத்தாள்.

"டேய், நெசமாவே அடிக்குது பாருடா!"

பரணிதரன் எட்டிப் பார்த்தான். "நீதானப்பா எடுக்கச் சொன்ன? என் இனிஷியல் கீதுல்ல? உனக்கு அது போதும்."

தீனதயாளன் குனிந்து பார்த்தார். மகன் பெயருக்கு முன்னால், ஒரு புள்ளியோடு, அதே மொட்டை எழுத்தில் ஒற்றை 'தீ'யாக நின்றார். அதையும் எடுக்கச் சொன்னால் பையன் அப்பன் இல்லாதவன் ஆகிவிடுவான்.

"ஒத்த எழுத்தா நிக்கறதுக்கு முழுசாவே போட்டுத் தொலைங்க! ஆனா தடியா போடணும்!"

தடி போதவில்லை என்றார். அவருக்கென்றே அதைவிடப் பருமனாக ஒன்று வரைந்தேன். சதுரங்கப்பட்டினம் கரையில் பிடித்தால் இலங்கையில் படிக்கலாம். மாப்பிள்ளை பெயர் அதன் நிழலில் ஒதுங்கியது. பூவும் கொடியும் மட்டும், மூச், ஒன்றுகூடச் சேர்க்கவில்லை.