ஏபெல் பெண்டாட்டியின் பேர்

கணவன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்பதில் சந்திரகலா வெகு கறார். அவன் பேர் காசி. அதனால் ஊருக்கு வந்த சாமியார் யாராவது அடுத்து எங்கே போகிறார் என்று கேட்டால், "வடக்க, அந்தக் கங்கை ஊருக்கு" என்பாள். மாமியார் பேரும் அப்படித்தான். மாமியார் செத்து ஆறு வருஷம் ஆகியும், அவள் பேரான தங்கம்மாளையே மகளுக்கு வைத்துவிட்டு, மகளை "பாப்பா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாப்பாவுக்குப் பதினோரு வயது.

இப்பேர்ப்பட்டவளிடம்தான் டோரத்தி அம்மாள் இருநூறு வருஷத்துப் பேர்களைக் கொண்டுவந்து கொட்டினாள். அது எழுபத்தொன்பதாம் வருஷம். செங்கம் ரோட்டில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சந்திரகலாவுக்கு வேலை. டோரத்தி, ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த அமெரிக்கக் கிழவி. எழுபது வயது, கல்யாணமில்லை, கூடப்பிறந்தவர்களும் போய்விட்டார்கள். ஐந்து வருஷத்தில் தமிழ் நன்றாகவே படிந்திருந்தது. தன் வம்சத்துக் கதையை இங்கிலீஷில் கையால் எழுதி வைத்திருந்தாள். அதை டைப் அடித்துத் தர வேண்டும்.

அடிக்க அடிக்கச் சந்திரகலாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஏபெல் என்று ஒருவன், டோரத்திக்கு ஐந்து தலைமுறை முந்தியவன். ஒரு கோடாலி, ஒரு துப்பாக்கி, ஒரு மாடு, பிள்ளைத்தாய்ச்சி மனைவி. இவ்வளவோடு மலை தாண்டி ஒஹையோ ஆற்றுக் காட்டுக்குப் போயிருக்கிறான். வீடு கட்டுவதற்குள் பனிக்காலம் வந்துவிட்டது. அங்கே சிக்கமோர் என்று ஒரு மரம், அடிவயிறு பொந்தாகியும் பச்சையாக நின்றதாம். அதற்குள்ளேயே குடித்தனம். மாடும் உள்ளேதான். தலைப்பிள்ளை அந்தப் பொந்தில் பிறந்தது.

சந்திரகலா மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "மரத்துக்குள்ளயா பிரசவம்? யாருமே இல்லாத காடாம்மா அது?"

"ஜனங்க இருந்தாங்க. அவங்களைத் துரத்திட்டுதான் நிலம் எடுத்தாங்க," என்றாள் டோரத்தி. "ஏபெல் அவங்க பேரையும் எழுதல. பொண்டாட்டி பேரையும் எழுதல."

அதுதான் அவளுடைய குறை. ஏபெலின் நாட்குறிப்பில் மாட்டுக்குக்கூடப் பேர் இருந்தது. பதினோரு பிள்ளை பெற்றவள் மட்டும் வெறும் 'என் மனைவி'. அந்த ஊர்ப் பத்திர ஆபீசுக்கு எழுதிக் கேட்டதற்கு, அப்படி ஒரு ஏபெலே இல்லை என்று பதில் வந்துவிட்டது.

"எனக்கப்புறம் பேர் சொல்ல ஆள் இல்ல, சந்திரா. அவ பேர் தெரியாம இந்தப் புஸ்தகத்தை அச்சுக்கு அனுப்ப மனசு வரல."

சந்திரகலா நாலாம் பக்கத்தில் பத்து எழுத்துக்கு இடம் விட்டு மேலே அடித்துக்கொண்டு போனாள்.

கடைசிப் பகுதியில் ஏபெலுடைய மருமகள் தன் தங்கைக்கு எழுதிய கடிதங்கள் வந்தன. ஜான் ஏர் பிடிக்கிறான், மார்த்தா பால் கறக்கிறாள் என்று பிள்ளைகளைப் பற்றியே பேச்சு. மூத்த பெண்ணை மட்டும் எல்லாக் கடிதத்திலும் 'சிஸ்' என்றே எழுதியிருந்தாள்.

"சிஸ்ன்றது பேராம்மா?"

"இல்ல. நீ உன் பொண்ணை பாப்பான்ற இல்ல, அது மாதிரி."

சந்திரகலா எழுந்தே நின்றுவிட்டாள். "அப்ப மாமியார் பேரைத்தாம்மா வெச்சிருக்காங்க. அதான் சொல்ல மாட்டேன்றாங்க. அந்தப் பொண்ணோட நெசப் பேரு என்னா?"

டோரத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊர்ல அந்தப் பழக்கமே கிடையாதும்மா." ஆனாலும் அந்த மருமகள் பிள்ளைகள் பேரையெல்லாம் எழுதி வைத்திருந்த குடும்ப பைபிளின் நகலைப் புரட்டினாள். "தேங்க்ஃபுல். நன்றியுள்ளவள்னு அர்த்தம். எங்க வம்சத்துல வேற யாருக்கும் இந்தப் பேர் இல்ல."

"வேற யாருக்கும் இல்லனா, அது எங்கருந்து வந்துச்சு?"

டோரத்தியின் சிரிப்பு நின்றது. அன்றைக்கே அந்தப் பத்திர ஆபீசுக்கு மறுபடி ஏர்மெயிலில் கடிதம் போயிற்று.

நாலு மாதம் கழித்து, கார்த்திகை தீபத்துக்கு ஊரே கொள்ளாத கூட்டம் வந்திருந்த வாரத்தில், பதில் வந்தது. குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்து எலியையும் பிடித்துவிட்டது. யாரோ ஒரு குமாஸ்தா ஏபெலின் குடும்பப் பேரைத் தப்பாக எழுதித் தொலைத்திருக்கிறான். அதனால்தான் இத்தனை நாள் அகப்படவில்லை. தேங்க்ஃபுல் என்று தேடியதும் ஒரே ஒருத்தி வந்து நின்றாள். ஆயிரத்து எண்ணூற்று மூன்றில் எழுதிய கிரயப் பத்திரம். அதில் வடகிழக்கு மூலைக்கு எல்லை சொல்லியிருந்தது: 'விற்பவர் முதல் பனிக்காலம் குடியிருந்த பொந்து சிக்கமோர் மரம்'. அடியில் மனைவியின் சம்மதம்: 'ஏபெலின் மனைவி தேங்க்ஃபுல்'. எழுதத் தெரியாதவள் போலிருக்கிறது. பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

சந்திரகலா அதைக் கையில் வாங்கினாள். எங்கோ இருக்கிற காடு, எப்போதோ செத்தவள், அவள் கை போட்ட இரண்டு கோடு. நகல்தான் என்று தெரிந்தும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டோரத்தி அழுதுகொண்டிருந்தாள்.

நாலாம் பக்கத்தை மறுபடி மெஷினில் ஏற்றினாள். இங்கிலீஷில் எட்டு எழுத்து. ஒவ்வொன்றாக, தப்பில்லாமல் அடித்தாள்.

"அதுக்குக் கீழ இன்னும் கொஞ்சம் இடம் விட்டுடு," என்றாள் டோரத்தி. "முன்னாடி அங்க இருந்த ஜனங்களுக்கு."

சாயங்காலம் வீட்டுக்கு நடந்தபோது சந்திரகலாவுக்கு மாமியார் ஞாபகமாகவே இருந்தது. அவளும் கைநாட்டுதான். மரியாதை மரியாதை என்று பொத்தி வைத்த பேர், இப்படியே விட்டால் ஒருநாள் சந்தடியில்லாமல் போய்விடும் என்று நினைத்தபோது பயமாக இருந்தது. கதவு சாத்தியிருந்தது. படியிலேயே நின்று, அந்தப் பேரை இரண்டு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"தங்கம்மா, கதவைத் தொற."

பாப்பா கதவைத் திறந்து, அம்மாவைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா வந்திருக்காங்க? என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களே?"

"நான்தான்," என்றாள் சந்திரகலா.