ஏழாம் நபர்

அக்கா விளையாட்டுப் பொறியியல் ஆய்வாளர். தங்கை நீளம் தாண்டுபவள். ஒரே வீட்டில் இப்படி இரண்டு பேர் அமைந்தது தன் அதிர்ஷ்டம் என்றே தங்கை நினைத்திருந்தாள். ஷூவுக்குள் வைக்கும் சென்சார் அட்டைகளை அக்காவே அவள் கால் அளவுக்கு வெட்டிக் கொடுத்தாள். அக்காவின் ஆய்வுக்காக எட்டு மாதம், வாரத்தில் மூன்று நாள், முழங்காலில் பளபளக்கும் பொட்டுகளை ஒட்டிக்கொண்டு கேமராக்களுக்கு முன்னால் தாண்டினாள்.

"எப்படிக்கா இருக்கு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"நல்லாத்தான் இருக்கு. எதையும் மாத்தாம இப்படியே தாண்டு" என்பாள் அக்கா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அணித் தேர்வுப் பட்டியலில் தன் பெயர் இல்லை என்றதும் பயிற்சியாளரின் அறைக்கு ஓடினாள். அவர் ஓர் ஆய்வுக் கட்டுரையை மேசைமேல் நகர்த்தினார்.

"ஏழாம் நபர்னு போட்டிருக்கே, அது நீதானே? நம்ம பயிற்சிக் குழுவுல வலது கால ஊன்றித் தாண்டுற பொண்ணு நீ ஒருத்திதான். ஒவ்வொரு தடவையும் முழங்கால் உள்பக்கமா சாயுதாம். இப்படியே போனா தசைநார் அறுந்துடலாம்னு எழுதியிருக்காங்க. நான் எப்படிம்மா உன்ன அனுப்புவேன்?"

முதல் பக்கத்தில் அக்காவின் பெயர். வரைபடத்தில் ஏழாம் நபரின் கோடு முதல் மாதத்திலேயே மற்ற கோடுகளை விட்டு விலகிக் கிடந்தது.

ஆய்வுக்கூடத்தில் அக்கா வேறொருத்தியின் காலில் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் வெளியே போகும்வரை தங்கை வாசலிலேயே நின்றாள்.

"முதல் மாசமே உனக்குத் தெரியுமாக்கா?"

"பேர் எங்கயும் போடலையேடி."

"அதக் கேக்கல."

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "சொல்லியிருந்தா நீ தாண்டுற விதத்த மாத்தியிருப்ப. எடுத்த அளவெல்லாம் வீணாப் போயிருக்கும். வேலை முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"கட்டுரை வந்து மூணு வாரம் ஆச்சு."

அக்கா மிச்சப் பொட்டுகளை எடுத்து டப்பாவில் போட ஆரம்பித்தாள்.

தங்கைக்கு அழுகை வரவில்லை. தன் முழங்கால் கெட்டுப்போவதை உடன்பிறந்தவளே உட்கார்ந்து அளந்துகொண்டிருந்திருக்கிறாள். ஆய்விலிருந்து விலகும் படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாத" என்றாள் அக்கா.

"நான் சொல்லல. நீயே சொல்லு."

அந்த மாதமே தனியாக அறை பார்த்துப் போய்விட்டாள். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆறே வாரத்தில் முழங்காலை நேராக வைத்து ஊன்றப் பழக்கினார். இவ்வளவு சின்ன வேலைதானா என்று தெரிந்தபோதுதான் அவள் உடைந்து அழுதாள்.

அடுத்த ஆண்டு அணியில் இடம் கிடைத்தது. அக்கா வாழ்த்து அனுப்பியிருந்தாள். தங்கை அதை இரண்டு முறை படித்தாள். பதில் போடவில்லை.