மூன்றாம் ஓலை

இரண்டு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. நாளை ஞாயிறு பூசையில் மூன்றாவதையும் வாசித்துவிட்டால், தன் ஒரே மகன் அற்புதராஜுக்கும் அந்த வெள்ளைக்காரிக்கும் கோயிலில் தாலி ஏறுவதை அல்போன்சம்மாளால் தடுக்க முடியாது. "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்று வாசித்து முடித்து, உபதேசியார் சுவிசேஷமுத்து கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்ப்பார். அந்த நொடியில் எழுந்து நிற்பது என்று அவள் முடிவு செய்திருந்தாள். பெற்றவளே எழுந்து நின்றால் சாமியார் என்ன செய்வார், பார்த்துவிடலாம்.

அற்புதராஜ் கப்பலில் என்ஜினியர். ஹாம்பர்க்கில் கையைச் சுட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டுப் போட்ட நர்ஸ்தான் லுட்மிலா. செக்கோஸ்லோவாக்கியாக்காரி. விடுமுறைக்கென்று யூகோஸ்லாவியா போனவள், நாடு திரும்பாமல் ஜெர்மனிக்கு ஓடிவந்துவிட்டாளாம். அங்கேயே ரெஜிஸ்டர் செய்துகொண்டு, ஈசூன் அடுக்குமாடி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ரெஜிஸ்டரு கவர்மெண்டுக்கு. கோயில்ல தாலி ஏறாம என் வீட்டுல ஒரே ரூம்ல படுக்கக் கூடாது," என்றாள் அல்போன்சம்மாள்.

அன்று முதல் லுட்மிலாவுக்கு மாமியார் அறையில் தரைப் பாய். மாமியார் கட்டிலில், கதவைப் பார்த்தபடி. மகன் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட "யாரு?" என்று குரல் வரும். இப்படி ஆறு மாதம். அந்தப் பெண் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. காலையில் பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்திவிட்டு, "காலை வணக்கம் அம்மா" என்பாள். அதுவும் அல்போன்சம்மாளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அழுதால் ஒரு வழி, எதிர்த்துப் பேசினால் ஒரு வழி. இவளோடு எப்படித்தான் சண்டை போடுவது?

ஆனால் கோயிலில் தலை குனிய வைத்தது வேறு. மாப்பிள்ளைக்கு, "தஞ்சோங் பகார் துறைமுக லயத்தில் வாழ்ந்த, இப்போது ஈசூனில் வசிக்கும்" என்று நீட்டி முழக்கி வாசித்த சுவிசேஷமுத்து, பெண்ணுக்கு "செக்கோஸ்லோவாக்கியா நாட்டு லுட்மிலா" என்று மொட்டையாக நிறுத்திக்கொண்டார். ஊர்? பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலே இப்போது இல்லையாம். சாமியார் சத்தியம் வாங்கிக்கொண்டு சரி என்றுவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் பிலோமினம்மாள் வந்தாள். துறைமுகக் கூலிகளின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த கதவு. ஈசூனிலும் அதே பிளாக், இரண்டு மாடி கீழே. லுட்மிலா சமையலறை மேசையில் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அற்புதராஜ் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

"ஊரே இல்லன்னு சொல்றாளாமே?" பிலோமினம்மாள் உட்காரும் முன்பே ஆரம்பித்தாள். "நம்ம கீழ சுத்துற பூனைக்குக்கூட பிளாக் நம்பர் இருக்குலா."

"அத்தே, அவளுக்குத் தமிழ் புரியும்."

"புரியட்டுமே! புரியத்தான் பேசுறேன்."

அல்போன்சம்மாள் மகனைப் பார்க்காமல் சொன்னாள்: "கேளுடா. எந்த ஊரு, எந்த ஆறு, யாரு இருந்தாங்க? நாளைக்கு நாலு பேரு என்னைக் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

லுட்மிலா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அரிசியைத் தாம்பாளம் முழுக்கச் சமமாகப் பரப்பினாள். "கமெனிச்கா," என்றாள். "என் ஊர்."

விரலால் வளைத்து ஒரு கோடு இழுத்தாள். ஆறு. வடக்கே கறிவேப்பிலையைக் கிள்ளி அடுக்கினாள். காடு, மலை, மலைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி. ஆற்றங்கரையில் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்தாள், வீடுகள். நடுவில் ஒரு பூண்டுப் பல். "கோயில்." கோயிலுக்குப் பின்னால் பிளம் மரங்கள், குளம். பனிக்காலத்தில் குளத்தின் மேல் நடந்தே பள்ளிக்கூடம் போகலாம் என்றாள். பிலோமினம்மாள் தன்னை அறியாமல் மேசைப் பக்கம் குனிந்தாள்.

"முன்னே அங்கே ஜெர்மன் ஆளுங்க. ரொம்ப ரொம்ப காலம். அப்புறம் சண்டை. சண்டை முடிஞ்சது, கவர்மெண்ட் சொன்னது, போ. ஒரு மூட்டை மட்டும். எங்க அப்பா வேற ஊர். அவருக்கு ஒரு வீடு குடுத்தாங்க. சும்மா." ஒரு புளியங்கொட்டையைத் தொட்டாள். "இது. நான் இங்கே பொறந்தேன். அலமாரியில தட்டு இருந்துச்சு. தட்டு பின்னால பேர். ஆன்னா. நான் அம்மாவைக் கேட்டேன், ஆன்னா யார்? அம்மா சொன்னாங்க, சாப்பிடு, கேக்காதே."

"இப்ப யாரு இருக்கா அங்க?" என்று கேட்டாள் பிலோமினம்மாள்.

"கீழே கரி. நிலக்கரி." லுட்மிலா உள்ளங்கையை வைத்து அரிசி, கொட்டை, பூண்டு எல்லாவற்றையும் ஓரத்துக்கு ஒதுக்கினாள். நடுவில் தாம்பாளம் வெறுமையாக மின்னியது. "தோண்டிட்டாங்க. கோயில் இல்லை. தரைகூட இல்லை, பெரிய குழி. அப்போ நாங்களும் மூட்டை."

 லுட்மிலா அரிசியைத் திரும்ப அள்ளிப்போட, அடுப்படியில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்தாள். அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்துகளை, புதிதாகப் படிக்கக் கற்ற குழந்தையைப் போல விரலால் கூட்டினாள். "இதுலயும் பேர் இருக்கு. பூ... வம்... மா. யார் அம்மா?"

"எங்க பெரியம்மா," என்றான் அற்புதராஜ். "சின்ன வயசுலயே செத்துட்டாங்க."

"எந்தப் பெரியம்மாடா?" பிலோமினம்மாள் திரும்பினாள். "உங்கம்மாதானே மூத்தவ?"

"செம்பைக் கீழ வை!" அல்போன்சம்மாள் கத்திவிட்டாள். "ஊரு இல்லாத கழுதை! அடுத்தவ வீட்டுல, அடுத்தவ தட்டுல தின்னு வளந்துட்டு, என் வீட்டுல வந்து..."

வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது. கண் செம்பின் மேல் போனது.

ஜப்பான்காரன் காலம். லயத்தில் வேலை செய்கிற ஆம்பளை இருந்தால்தான் அறை. பூவம்மாவின் புருஷனைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரமே அந்த அறையை அல்போன்சம்மாளின் அப்பாவுக்குக் கொடுத்தார்கள். கைக்குழந்தையோடு வெளியேறிய பூவம்மா, பொழுது சாயும் முன் திரும்பி வந்து வாசலில் நின்றாள். "அக்கா, எங்கம்மா குடுத்த செம்பு ஒண்ணு உள்ள இருக்கு." அடுப்புக்கு முன்னால் அதைத் தன் பாவாடைக்குள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் சிறுமி அல்போன்சம்மாள். "இங்க ஒண்ணும் இல்லையே தாயி," என்றாள் அம்மா. குழந்தை அழுதுகொண்டே போனது. பிற்பாடு லயத்தையும் இடித்துவிட்டார்கள். செம்பு மட்டும் ஈசூன் வரை வந்திருந்தது.

லுட்மிலா செம்பை மேசைமேல் வைத்தாள். கோபமில்லை, பயமும் இல்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்காகவே அல்போன்சம்மாள் அவளை முன்னைவிட அதிகமாக வெறுத்தாள்.

மறுநாள் கோயிலில் பிலோமினம்மாள் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டாள். சுவிசேஷமுத்து ஓலையைப் பிரித்தார். அதே "துறைமுக லயம்", அதே "செக்கோஸ்லோவாக்கியா நாட்டு லுட்மிலா". தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்றார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிலோமினம்மாளின் முழங்கை இடித்தது.

அல்போன்சம்மாள் எழுந்தாள். கோயிலே திரும்பியது. முன் பெஞ்சில் அற்புதராஜின் முதுகு விறைத்தது. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டிருந்த லுட்மிலா மட்டும் திரும்பவில்லை. அவள் கழுத்து வெள்ளையாக, நேராக நின்றது.

"ஊரு பேரை ஏன் விட்டீங்க?" அல்போன்சம்மாளின் குரலில் கோபம் குறையவே இல்லை. "கமெனிச்கா. அதான் ஊரு. சேத்து வாசிங்க."

"என்னம்மா, இன்னொரு தடவை சொல்லுங்க?"

"கமெனிச்கா!"

உட்கார்ந்தாள். "என்னடி பண்ற நீ?" என்று பிலோமினம்மாள் அவள் காதில் சீறினாள். "வாயை மூடிட்டுப் பூசையைப் பாரு," என்றாள் அல்போன்சம்மாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் அற்புதராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "கல்யாணம் முடியிற வரைக்கும் இவ என் ரூம்லதான் படுக்கணும். அதுல மாத்தமில்ல," என்று சொல்லிவிட்டு, சேலையைக்கூட மாற்றாமல் சமையலறைக்குள் போனாள். புளியைக் கரைத்துச் செம்பைத் தேய்க்க ஆரம்பித்தாள். அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். லுட்மிலா வந்து, துடைக்கிற துணியோடு சற்றுத் தள்ளி நின்றாள்.  கறுத்த தண்ணீர் தொட்டியில் ஓடியது. பித்தளை வெளுக்க வெளுக்க, கழுத்தில் இருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பளபளவென்று மேலே வந்துகொண்டே இருந்தன.